சனிக்கிழமை மதியம் யாருடையது?

ஒவ்வொரு உலகக்கோப்பைக் கால்பந்து வரும்போதும் திருப்பூரைப் பற்றி ஒரு செய்தி தவறாமல் வரும். அர்ஜென்டினாவின் நீலவெள்ளைக் கோடு, பிரேசிலின் மஞ்சள், போர்ச்சுகலின் சிவப்பு என்று ரசிகர்களுக்கான டீ-ஷர்ட்டுகள் குவிந்து கிடக்கும் படம் ஒன்று. காதர்பேட்டையில் கேரளத்து வியாபாரிகள் மூட்டை கட்டுகிறார்கள் என்று இரண்டு வரி. ஆர்டர் கூடியிருக்கிறது என்று ஒரு முதலாளியின் பேட்டி. அவ்வளவுதான். அந்தச் சட்டையை ஓவர்லாக் அடித்த அக்காவோ, பிசிறு வெட்டிய தம்பியோ ஆட்டத்தைப் பார்த்தார்களா என்று எந்த நிருபரும் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை.

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்: “அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க?” பலரும் இதை ஒரு சலிப்பாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். நாங்கள் இதை வரலாற்றுக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறோம். பெரிய ஆட்டம் ஒன்றுக்கு மைதானத்தில் இடம் பிடிக்க என்ன வேண்டும்? காசு வேண்டும். வாசலில் நிற்பவன் உள்ளே விட வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்னால், ஆட்டம் நடக்கிற நேரத்தில் நம் உடம்பு நம் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தைப் போராடி வாங்கி, கால்பந்துக்கு ‘ரசிகர் கூட்டம்’ என்ற ஒன்றையே உண்டாக்கியவர்கள் யார் தெரியுமா தோழர்களே? நம்மைப் போலவே நூலோடும் துணியோடும் மாரடித்தவர்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்ற மாவட்டம். பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், பிரஸ்டன் எல்லாமே பஞ்சாலை ஊர்கள். அங்கே குழந்தைகளும் பெண்களும் விடிவதற்கு முன்னால் ஆலைக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வந்த காலம் ஒன்று இருந்தது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர்கள் குழுக்கள் அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், ஆலையை நிறுத்தினார்கள். 1847-இல் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமைகளில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. ஆண்களுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பஞ்சாலையில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும்தானே? அவர்கள் வெளியேறினால் எந்திரம் ஓடாது. அதனால் ஆண்களும் வெளியே வந்தார்கள். பெண்களின் பெயரால் வந்த சட்டம் ஊருக்கே அரைநாள் விடுமுறையை வாங்கிக் கொடுத்தது. இதைக் கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை, நாம் சொல்லலாம்.

இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும். வீட்டுக்குப் போய் மூஞ்சி கழுவி ஒரு வாய் சாப்பிட்டுக் கிளம்பினால் மூன்று மணிக்கு மைதானம். இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை 3 மணி கால்பந்தின் நேரமாக ஆனது இப்படித்தான். 1883 மார்ச் 31 அன்று லண்டனில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி. ஒரு பக்கம் பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். இன்னொரு பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். அந்த அணியில் நெசவாளர்கள் இருந்தார்கள், குழாய் வேலை செய்பவர் இருந்தார், இரும்புப் பட்டறைக் கூலி இருந்தார். கூடுதல் நேரத்தில் 2-1 என்று நெசவாளர் அணி ஜெயித்தது. அதுவரை கனவான்கள் வைத்திருந்த கோப்பை முதன்முறையாக ஒரு தொழிலாளர் ஊருக்குப் போனது. 1888-இல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது அதிலிருந்த 12 அணிகளில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. சீக்கிரமே நுழைவுக் கட்டணம் குறைந்தது ஆறு பென்னி என்று விதி வைத்தார்கள். சனிக்கிழமைக் கூலி கையில் இருப்பவனால் கொடுக்க முடிகிற, வேலையில்லாதவனால் கொடுக்க முடியாத காசு. முதலில் பல மைதானங்களில் பெண்களுக்கு இலவசம். கூட்டம் கூடியதும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஆலைகள் நூற்ற பஞ்சில் பெரும்பகுதி 1860-கள் வரை அமெரிக்கத் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் பறித்துக் கொடுத்தது. அவர்களுக்குச் சனிக்கிழமையும் இல்லை, மதியமும் இல்லை. ஒருவருடைய ஓய்வுக்கு அடியில் இன்னொருவருடைய ஓய்வின்மை கிடக்கிறது என்பதை நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அதே பிரஸ்டன் ஊரில் இன்னொரு கதையும் உண்டு. முதல் உலகப்போர் சமயத்தில் டிக், கெர் என்ற தொழிற்சாலையில் வெடிமருந்து வேலை செய்த பெண்கள் ஓய்வு நேரத்தில் பந்து உதைக்க ஆரம்பித்து ஓர் அணியாகவே ஆனார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், பெண்களுக்குக் கால்பந்து பொருந்தாது என்று சொல்லி எஃப்.ஏ. தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. தொழிலாளிப் பெண்கள் ஆடுவதைப் பார்க்க ஆண்களின் ஆட்டத்துக்கு இணையாகக் கூட்டம் வந்ததே பொருந்தாத விஷயமாகிப் போனது. தடை நீங்க ஐம்பது வருடம் ஆனது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1911 ஜூலை 29, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப்போட்டியில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தது. பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள், ஒருவர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். டிக்கெட் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்றும் சனிக்கிழமைதான். ஆட்டத்துக்காகச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள், ஆற்றில் நீராவிப் படகுகள் விட்டார்கள். இரண்டு ரூபாய் டிக்கெட் 15 ரூபாய் வரை விலைபோனது. மைதானத்தில் நல்ல இடங்கள் வெள்ளையர்களுக்கும் கிளப் உறுப்பினர்களுக்கும். மற்றவர்கள் மரத்தில் ஏறினார்கள், பெட்டிகளின் மேல் ஏறி நின்றார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பந்து கண்ணிலேயே படவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே இருந்தவர்கள் கோல் கணக்கைக் காட்டப் பட்டம் விட்டார்கள். வெளியே இருந்தவர்கள் வானத்தைப் பார்த்து ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

பட்டத்தைப் பார்த்து ஆட்டம் பார்த்தவர்கள் என்ன சாதி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அதே 1911 கோடையில் இங்கிலாந்துக்குப் போன இந்திய கிரிக்கெட் அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்த பல்வங்கர் பாலு யார் என்று நமக்குத் தெரியும். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் அவர் ஆடிய நாட்களில் பந்தை அவர் தொடலாம், அவர் எடுத்த விக்கெட்டுக்கு அணியில் உள்ளவர்கள் கை தட்டலாம். தேநீர் இடைவேளையில் மட்டும் மற்றவர்கள் பெவிலியனுக்குள், அவர் வெளியே. அவருக்குத் தூக்கி எறியும் மண் கோப்பை, மற்றவர்களுக்குப் பீங்கான். கொங்கு நாட்டில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அணியின் மிகச் சிறந்த பந்துவீச்சாளருக்கே உட்கார இடம் இல்லாத மைதானத்தில், டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் தலித்துக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

திருப்பூருக்குப் பனியன் வந்த கதையும் கல்கத்தா வழியாகத்தான் சொல்லப்படுகிறது. குலாம் காதர் என்பவர் கல்கத்தாவில் பின்னலாடை எந்திரம் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து 1925-இல் இங்கே ‘பேபி நிட்டிங்’ என்ற முதல் கம்பெனியைத் தொடங்கினார் என்பார்கள். கல்கத்தாவிலிருந்து எந்திரம் வந்தது. லங்காஷயர் தொழிலாளி வாங்கிய சனிக்கிழமை மதியம் மட்டும் வந்து சேரவில்லை. நூறு வருடம் ஆகிவிட்டது.

திருப்பூரின் கடிகாரம் வெளியூர்த் தோழர்களுக்குப் பழக்கம் இருக்காது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். முடிந்தவுடன் யாரும் கிளம்புவதில்லை. எட்டரை வரை ஓட்டினால் ‘ஒன்றரை ஷிப்ட்’. ஏற்றுமதி அவசரம் என்றால் நள்ளிரவு தாண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நின்றால் காசு, உட்கார்ந்தால் நட்டம். கைமடிக்கும் செக்கிங்கில் நிற்கிற பெண்ணுக்கும் சூப்பர்வைசர் சொல்வதுதான் நேரம். சனிக்கிழமை சம்பள நாள். லங்காஷயரில் தொழிலாளி மைதானத்தில் நின்ற அதே நேரத்தில் திருப்பூரில் தொழிலாளி சம்பளத்துக்காகக் காத்து நிற்பார். ஞாயிறு துணி துவைக்க, சந்தைக்குப் போக, தூங்க. அவசர ஆர்டர் இருந்தால் அதுவும் போகும்.

இந்த நேரத்துக்காகவும் கூலிக்காகவும் திருப்பூர் போராடாமல் இல்லை. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. நான்கு மாதம்! அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் துண்டு துண்டாக உடைந்தன. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், தையல் ஜாப் ஒர்க்கில் ஓரிடம். யாரிடம் போய் எட்டு மணி நேரம் கேட்பது?

இங்கே சாதி எங்கே வருகிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் திருப்பூரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கவுண்டர் சாதி உழவர் குடும்பங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பதுதான் அதன் மையம். அவர்கள் எல்லோரும் அவரிடம் சொன்ன காரணம் ஒன்றே: எங்கள் உழைப்பு. அவர்கள் உழைத்ததை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பு மட்டுமே முதலாளி ஆக்கும் என்றால் இந்த மண்ணில் முதல் முதலாளி அருந்ததியர்தானே ஆகியிருக்க வேண்டும்? நிலம், சொந்தபந்தம், கைமாற்றுக் கடன், நம்பிக்கை இவை ஒரே சாதிக்குள் சுற்றிய இடத்தில், உழைப்பு மட்டும் இருந்தவன் உழைத்துக்கொண்டே இருந்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊரில் பண்ணாடியின் வாசலில் நின்றவனுக்குப் பனியன் கம்பெனி ஒரு விடுதலையாகவே வந்தது. பஸ் ஏறித் திருப்பூர் வந்தால் யார் வீட்டுப் பையன் என்று எடுத்தவுடன் யாரும் கேட்பதில்லை, வாரக் கூலி கையில் வருகிறது. சுற்றுவட்டார விசைத்தறி ஊர்களில் அட்வான்ஸ் வாங்கி அதைக் கழிக்க முடியாமல் தறியோடு கட்டுண்டு கிடப்பவர்களோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் பெரிது. நூற்பாலை விடுதிகளில் சுமங்கலித் திட்டம் போன்ற ஏற்பாடுகளில் மூன்று வருடம் அடைக்கப்பட்ட நம் தங்கைகளைக் கேளுங்கள், டிக்கெட் என்றால் அவர்களுக்குக் கேட் பாஸ்தான்.

நேரத்தைப் பற்றி நம் தலைவர் என்ன சொன்னார்? 1945-இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று அண்ணல் அம்பேத்கர் எழுதிய நூலில், எந்திரத்தை வெறுக்கும் காந்தியத்துக்குப் பதில் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. வயிற்றுக்காக நாள் முழுவதும் உழல்பவன் விலங்கின் வாழ்க்கை வாழ்கிறான், ஓய்வு கிடைத்தால்தான் மனிதனுக்குப் பண்பாட்டு வாழ்க்கை சாத்தியம், அந்த ஓய்வை எந்திரம் கொடுக்க முடியும் என்பது அங்கே அவர் வைக்கும் வாதம். எழுதியதோடு நிற்கவில்லை. வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1946-இல் நிறைவேறியது. வாரத்துக்கு 54 மணி நேரம் என்று இருந்த வேலை 48 ஆனது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அந்த 48 மணி நேரமும், கூடுதல் வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் உறுதியாயின. சட்டப்படி பார்த்தால் ஒன்றரை ஷிப்டின் அந்த அரைக்கு இரண்டு பங்கு கூலி. எத்தனை கம்பெனியில் அப்படிக் கொடுக்கிறார்கள் என்று உங்கள் தெருவில் ஒரு பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த 48 மணி நேரத்துக்கு ஆபத்து வந்தது பழங்கதை அல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று அதற்குச் சர்க்கரை தடவினார்கள். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சரின் அறிவிப்பு. பத்து நாளில் ஒரு சட்டத்தைப் பின்வாங்க வைத்தோம். ஆனால் திருப்பூரில் பலர் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். சட்டமே இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் எதற்கு?

சரி, நேரம் கிடைத்துவிட்டது, காசும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்பவன் விடுவானா?

இதற்கு நம் வட்டாரத்தின் பதில் சினிமாவில் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்று இன்றும் அந்தத் தெருவுக்குப் பெயர். கூடாரக் கொட்டகைகளில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள். தரை டிக்கெட் வாங்கியவன் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்ப்பான். டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாதவன், கோயிலுக்குள் போக முடியாதவன், காசு கொடுத்து அந்தக் கொட்டகைக்குள் போனான். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கொடுத்த காசு என்று ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார். பெரிய விஷயம்தான். டிக்கெட் என்ற துண்டுச் சீட்டு சாதி கேட்காது.

கேட்காத அந்தச் சீட்டைக் கிழிப்பவன் கேட்பான். அதனால்தான் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1955 தீண்டாமைச் சட்டம் அங்கே தடுப்பதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் அதையே சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் 2023 மார்ச் 30 அன்று சென்னையின் ஒரு பெரிய திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கேள்வி கேட்டு, வீடியோ பரவிய பிறகுதான் விட்டார்கள். தணிக்கைச் சான்றிதழைக் காரணம் காட்டினார்கள். ஊழியர்கள் மீது வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. செல்லுபடியாகும் டிக்கெட், நூறாண்டு சினிமா, எழுபதாண்டுக் குடியரசு எல்லாம் அந்த வாசலில் நின்றன.

காசு என்ற கதவும் எப்போதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் கேலரியில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் இறந்தவர்கள் 97 பேர். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்மேல்தான் தப்பு என்று போலீஸ் சொன்னது, பத்திரிகை அதையே அச்சடித்தது. அது பொய் என்று நிரூபிக்கக் குடும்பங்களுக்கு 27 வருடம் ஆனது. 2016-இல்தான் நடுவர் குழு அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் செத்த நம் 17 பேரைப் பற்றி விசாரணை ஆணையம் எழுதியதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு பெரிய மைதானங்களில் நிற்கும் கேலரியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட்டார்கள். பாதுகாப்பு கூடியது, உண்மை. நாற்காலியோடு டிக்கெட் விலையும் ஏறியது. ஆலைத் தொழிலாளியின் பேரன் டிவி முன்னால் போய் உட்கார்ந்தான்.

ஆனால் லிவர்பூல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2016-இல் நிர்வாகம் ஒரு பகுதி டிக்கெட்டை 77 பவுண்டாக உயர்த்த முடிவு செய்தது. பிப்ரவரி 6 அன்று சண்டர்லேண்டுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். காலியான கேலரியின் முன்னால் லிவர்பூல் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கி ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கு நாளில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றது. ரசிகர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும், ஒரே நிமிடத்தில் எழுந்து நடக்கும் கட்டுப்பாடு வேண்டும். கட்சிக்காரர்களின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றும் ரசிகர் மன்றங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேறு மாதிரியான மன்றம்.

நம் பக்கத்தில் 2025 டிசம்பர் 13 அன்று என்ன நடந்தது? மெஸ்ஸியைப் பார்க்கப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள் ரசிகர்கள். அவர் வந்தார், சுமார் இருபது நிமிடம் இருந்தார், போனார். அந்த இருபது நிமிடமும் அவரைச் சுற்றி மந்திரிகள், பிரமுகர்கள், அவர்களின் ஆட்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரிந்தது அவர்களின் முதுகு. கோபத்தில் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார், ஏற்பாட்டாளர் கைதானார். 1911-இல் வானத்தில் பட்டமாவது தெரிந்தது.

திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், கோவை நேரு ஸ்டேடியத்தில், 2019 மார்ச் 9 அன்று ஒரு பெரிய ஆட்டம் நடந்தது. சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. அந்தப் பருவத்தில் அந்த அணிக்குச் சொந்த மைதானம் கோவைதான். வியாசர்பாடியின் சந்துகளில் பந்து உதைத்து வளர்ந்த நந்தகுமார் மாதிரித் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்த அணியில் ஆடினார்கள். தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையை வாங்கியது அதுவே முதல்முறை. அன்றும் சனிக்கிழமை, மாலை நேர ஆட்டம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் திருப்பூரின் லட்சக்கணக்கான இளைஞர்கள் சம்பளக் கவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள். 2020-21 பருவத்தோடு அந்த அணி ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது.

2026 உலகக்கோப்பை ஜூன் 11 அன்று தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, 104 ஆட்டம். இறுதிப்போட்டிக்கு ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட்டில் மலிவானதே 4,000 டாலருக்கு மேல் என்று 2025 டிசம்பரில் தெரிந்ததும் ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் சத்தம் போட்டன. அதன் பிறகு கொஞ்சம் டிக்கெட்டுகளை மட்டும் 60 டாலருக்குத் தருவதாக ஃபிஃபா இறங்கி வந்தது. 2022-இல் கத்தாரிலாவது அங்கே வசிப்பவர்களுக்கு 40 ரியால் டிக்கெட் இருந்தது. அப்படியும் மைதானங்களைக் கட்டிய நம் ஆட்களில் பலர் தோஹாவின் ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரையின் முன்னால் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். அதே உலகக்கோப்பைக்குக் கொச்சிப் பக்கம் 17 ரசிகர்கள் சேர்ந்து 23 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கி, ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வைத்துக்கொண்டார்கள். இருக்கை கிடைக்காதவர்கள் இருக்கையை உண்டாக்கிக்கொள்வது இப்படித்தான்.

நம் ஊர்களிலும் இம்முறை திரை கட்டுவார்கள். நேர வித்தியாசத்தால் ஆட்டங்கள் நள்ளிரவிலும் விடியலிலும் வரும். ஜூலை 19 இறுதிப்போட்டி நமக்குத் திங்கள் அதிகாலை 12.30. எட்டரைக்கு ஷிப்ட் இருப்பவர்கள் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். திரை கட்டுவது கோயில் திடலிலா, ஊர் மந்தையிலா, பள்ளி மைதானத்திலா, அங்கே சேரிப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்கிறார்களா என்று பார்த்து வையுங்கள். தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு பொதுக் கேளிக்கை இடத்துக்கும் மற்றப் பொது இடங்களுக்கும் சேர்த்தே பொருந்தும். தேதி, இடம், பார்த்தவர்கள் பெயர் மூன்றையும் அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு எங்களுக்குச் சொல்லுங்கள், புகார் மனு எழுத உட்காருவோம்.